முன்கயிறு என் கையில்

கண்ணு,

நீ ஏற்பாடு செய்த லாரி இந்தச் செவ்வாய்க்கிழமை காலையில் வந்தது. வெறும் லாரியாகவே திரும்பியும் போனது. முள்ளுக்குறிச்சி மாட்டு வியாபாரி பாவம், மலைப்பாதையின் அத்தனை வளைவும் ஏறி வந்து வாசலில் நின்றுகொண்டு, "ஏனுங்கம்மா, தம்பி அமெரிக்காவுல இருந்து பேசுனாங்க. காரியைக் கையோட ஏத்திக்கச் சொன்னாங்க" என்றார். அவருக்குக் காபி கொடுத்தேன். மாட்டைக் கொடுக்கவில்லை. "தம்பி அவரோட மாட்டைப் பத்திப் பேசியிருப்பாருங்க. இது என் மாடு" என்றேன். அவர் கொட்டகையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு டம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போய்விட்டார். உன்னைவிட அவருக்கு விஷயம் சீக்கிரம் புரிந்தது.

எனக்குக் கோபம் வந்தது. இன்னும் இருக்கிறது. அது ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன். போனில் பேசினால் நீ நடுவில் புகுந்து ஏதாவது சொல்லி என்னைச் சிரிக்க வைத்துவிடுவாய். சின்ன வயதிலிருந்தே உனக்கு அந்த வித்தை தெரியும். பால்வாடியில் ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் எழுத்துப் பழக்கிய கை இது. அதனால் நான் எழுதுகிறேன், நீ குறுக்கே பேசாமல் படி. இதைப் படமெடுத்து உனக்கு அனுப்ப உன் சித்தப்பா வீட்டுக்குத்தான் போக வேண்டும். அவர்களும் படிப்பார்கள். அவர்கள் படித்தால் வளப்பூர் நாட்டு ஊர்களெல்லாம் படித்த மாதிரிதான். படிக்கட்டும்.

உன் அப்பா போன பிறகு நான் ஒற்றையாக இருக்கிறேன் என்று நீ தவித்ததும், டிக்கெட் எடுத்து என்னை டெக்சாஸுக்கு அழைத்ததும் பாசத்தில்தான். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அங்கே நீயும் மருமகளும் என்னைத் தாங்கினீர்கள். ஆனால் கதவைச் சாத்தினால் வெளிச் சத்தமே கேட்காத அந்த வீட்டில், காலையில் எழுந்ததும் கைக்கு வேலை இல்லாமல் நான் பட்ட பாட்டை உன்னிடம் சொல்லவில்லை. பாத்திரத்தைக்கூட மிஷின் கழுவியது. அதன் முன்னால் நின்று, அது முடியும்வரை பார்த்துக்கொண்டிருப்பேன். அதனால்தான் அந்தச் சனிக்கிழமை மாட்டுத் திருவிழாவுக்குப் போகலாம் என்று நீ சொன்னதும் உனக்கு முன்னால் நான் காரில் ஏறி உட்கார்ந்தேன்.

ரோடியோ என்றாய். காரை விட்டு இறங்கியதும் சாணி வாசம் வந்தது. அந்த ஊரில் என் மூக்குக்குத் தெரிந்த முதல் வாசம் அதுதான். நீயானால் புது பூட்ஸும், பெரிய தொப்பியும், இடுப்பில் இட்லித் தட்டு மாதிரி ஒரு பெல்ட் பக்கிளுமாக முன்னால் நடந்தாய். இதே சாணி வாசத்துக்கு மூக்கைப் பிடித்துக்கொண்டு பள்ளிக்கூட பஸ்ஸுக்கு ஓடிய பிள்ளைதானே நீ என்று எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. ஒருவன் குதிரையில் துரத்திப் போய்க் கன்றுக்குட்டியின் கழுத்தில் சுருக்கு வீசி, குதித்து இறங்கி, அதைச் சாய்த்துக் காலைக் கட்டினான். நான் எழுந்து நின்று, "டேய், கன்னுக்குட்டிடா! உடுடா அத!" என்று கத்திவிட்டேன். முன்வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. நீ என் சால்வையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாய். அடுத்து வாண்டுகள் தலையில் கவசம் மாட்டிக்கொண்டு செம்மறியாட்டின் மேல் படுத்துச் சவாரி போனார்கள். அதற்குச் சிரித்துச் சிரித்து என் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

அதற்கப்புறம் பெண்பிள்ளைகள் வந்தார்கள். குதிரை மேல் ஒவ்வொருத்தியாகப் பாய்ந்து வந்து, மைதானத்தில் நிறுத்தியிருந்த பீப்பாய்களைச் சுற்றி வளைந்து, வந்த வேகத்திலேயே வெளியே போனார்கள். ஒருத்திக்கு என் வயது இருக்கும். தொப்பி பறந்து போனதுகூடத் தெரியாமல் ஓட்டினாள். "பொம்பளைங்களும் உள்ள வருவாங்களா கண்ணு?" என்று கேட்டேன். நீ பாப்கார்னை மென்றுகொண்டே, "ஏம்மா, வரக்கூடாதா? இது என்ன நம்ம ஊரா?" என்றாய். சொல்லிவிட்டு அடுத்த நிமிடமே நீ மறந்திருப்பாய். நான் அந்தப் பேச்சைப் பத்திரமாக ஊருக்குக் கொண்டுவந்துவிட்டேன்.

கடைசியில் காளைச் சவாரி. ஒரு பெரிய செவலை, மேலே உட்கார்ந்தவனை ஒரே திருகலில் மண்ணில் போட்டுவிட்டுத் திமிலை ஆட்டிக்கொண்டு உள்ளே போனது. விழுந்தவன் எழுந்ததற்குக் கூட்டம் கைதட்டியது. நீ எனக்கு உருளைக்கிழங்கு வறுவல் வாங்கி வந்து நீட்டினாய். என்னால் வாயில் வைக்க முடியவில்லை. நம் ஊரில் எருதாட்டம் முடிந்தால் மாட்டின் காலைக் கழுவி, நெற்றியில் மஞ்சள் வைத்து, தண்ணீர் காட்டி, அது தீனியில் வாய் வைத்த பிறகுதானே வீட்டில் உலை வைப்போம். "அந்த மாடு சாப்பிட்டுதா கண்ணு?" என்று கேட்டேன். "அம்மா, அது யார் மாடோ!" என்றாய். யார் மாடானால் என்ன? ஆட்டத்தைப் பார்த்தது நாம்தானே. உனக்கு முகம் சிவந்துவிட்டது. வேறு வழியில்லாமல் ஒரு ஆளைக் கேட்டாய், அவர் இன்னொருவரைக் கேட்டார், அப்படியே செய்தி போய், அந்தக் காளையை வளர்க்கிற அம்மாவே எழுந்து வந்தார்.

நரைத்த தலை, ஆண்பிள்ளைச் சட்டை, ஒரு காலில் லேசான விந்தல். நீ தயங்கித் தயங்கிச் சொன்னதைக் கேட்டுவிட்டு அவர் சிரிக்கவில்லை. என் முழங்கையைப் பிடித்துப் பின்பக்கம் கூட்டிப் போனார். செவலை வைக்கோலை மென்றுகொண்டு நின்றது. பக்கத்தில் தண்ணீர்த் தொட்டி நிறைந்திருந்தது. என் கைப்பையில் எப்போதும் இருக்கிற கோயில் மஞ்சளை எடுத்தேன். அவர் மாட்டின் முகத்தைக் கம்பிப் பக்கமாகத் திருப்பிப் பிடித்துக்கொள்ள, வெளியே நின்றபடியே நெற்றியில் ஒரு பொட்டு வைத்தேன். அதற்குப் பிறகு ஆறிப்போன வறுவலை உன் பங்கையும் சேர்த்துத் தின்றேன்.

மறுநாள் அவர் பண்ணைக்குக் கூப்பிட்டார். உனக்குத் தலைகால் புரியவில்லை. கண்ணுக்கு எட்டிய தூரம் புல், வேலி, மாடு. அவர் ஒருத்தர்தான் அந்த வீட்டில். நீ கையுறை மாட்டிக்கொண்டு வைக்கோல் கட்டைத் தூக்கினாய், குதிரைக்குத் தண்ணீர் காட்டினாய். வாரக் கடைசியில் இப்படிப்பட்ட பண்ணைகளில் காசு கொடுத்துத் தங்கி இதே வேலையைச் செய்கிறீர்கள் என்று அன்றுதான் மருமகள் சொன்னாள். "அம்மா, இதுதாம்மா வாழ்க்கை" என்றாய். கேலி செய்ய வாயெடுத்தேன், செய்யவில்லை. குதிரை தண்ணீர் குடிக்கும்போது அதன் தொண்டை அசைவதையே நீ பார்த்துக்கொண்டிருந்தாய். உன் அப்பா காரிக்குத் தண்ணீர் காட்டும்போது நிற்கிற அதே நிற்பு. உன் முகத்தில் அவ்வளவு நிம்மதியை நான் பார்த்து ரொம்ப நாளாகியிருந்தது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது, கண்ணு.

அப்புறம் சமையலறையில் உட்கார்ந்து பால் இல்லாத காபி குடித்தோம். அந்த அம்மா உன்னிடம் ஏதோ நீளமாகச் சொன்னார். உன் முகம் மாறியது. "என்ன சொல்றாங்க?" என்றேன். "மழை சரியில்லையாம்மா" என்றாய். எனக்கு இங்கிலீஷ் தெரியாதுதான். ஆனால் 'சன்' என்றால் மகன் என்றும், 'செல்' என்றால் விற்பது என்றும் தெரியாத அளவுக்கு மக்கு இல்லை. அவர் மகன் என்றார், விற்பது என்றார், ஜன்னல் வழியாக மாட்டைக் காட்டினார், மேசையில் ஒரு தட்டுத் தட்டி இல்லை என்று தலையாட்டினார். மழைக்கு மகன் எதற்கு? நீ மொழிபெயர்க்காமல் விழுங்கியது எது என்று அப்போதே புரிந்தது. மருமகள் முன்னால் கேட்க வேண்டாம் என்று விட்டேன். கிளம்பும்போது அவர் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். நீ காரில் ஹாரன் அடித்தாய்.

ஊருக்குத் திரும்பியபோது காரி இளைத்துப் போயிருந்தான். உன் சின்னம்மா ஒரு குறையும் வைக்கவில்லை, தீனி அவள்தான் போட்டாள். இருந்தாலும் என் குரல் கேட்டதும் கட்டுத்தறியைப் பிடுங்கிக்கொண்டு வரப் பார்த்தான். அடுத்த வாரமே பொங்கலுக்குப் பிந்தைய எருதாட்டத்தைப் பற்றி ஊர்க்கூட்டம் போட்டார்கள். நம் ஊர் வழக்கம் உனக்குத் தெரியும். மாரியம்மன் கோயிலைச் சுற்றி மாடு வரும்போது முன்கயிறு ஒருவர், பின்கயிறு ஒருவர். இளவட்டங்கள் வைக்கோல் பொம்மையைக் காட்டிச் சீண்டும்போது மாட்டைத் திருப்புவதும் நிறுத்துவதும் முன்கயிறு பிடிக்கிறவர் பொறுப்பு. அது மாட்டுக்குத் தீனி போட்ட கையாக இருக்க வேண்டும். இத்தனை வருஷம் அதை உன் அப்பா பிடித்தார். இந்த வருஷம் யார் என்று கேள்வி வந்தது. "நானே புடிச்சுக்கறேன்" என்றார் உன் சித்தப்பா.

"வேண்டாமுங்க. நான் புடிக்கறேன்" என்றேன்.

"அண்ணி, பொம்பள கயித்தப் புடிச்சா ஊரு சிரிக்குமுங்க" என்றார் உன் சித்தப்பா.

"சிரிக்கட்டுமுங்க. தீனி போட்ட கைதானே புடிக்கோணும்? அவரு வெளியூருக்கும் சந்தைக்கும் போனப்பவெல்லாம் இவனுக்குத் தீனி போட்டது யாரு?"

"மூணு மாசமாத் தீனி போட்டது எங்கூட்டுக்காரிங்க, நீங்க அமெரிக்காவுல இருந்தப்ப."

"அப்ப அவளே புடிக்கட்டும். எனக்குச் சம்மதமுங்க" என்றேன். பெண்கள் பக்கத்திலிருந்து முதல் சிரிப்பு வந்தது. உன் சின்னம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஊர்க்கவுண்டர் தாடையைத் தடவிக்கொண்டு, "தீனி போட்ட கைன்னு பெரியவங்க சொன்னது ஆம்பளைய நெனச்சுத்தானம்மா" என்றார். "மாட்டுக்கு அது தெரியுமாங்க மாமா?" என்று கேட்டேன். அவர் ஒரு நிபந்தனை வைத்தார். திருவிழாவுக்கு முன்னால் ஒரு நாள், ஊர் பார்க்க, மேளத்தோடு காரியைக் கோயிலைச் சுற்றிக் கூட்டிவர வேண்டும். கயிறு கையை விட்டுப் போனால் மாட்டை உன் சித்தப்பாவிடம் ஒப்படைத்துவிட வேண்டும். சரி என்றேன்.

அன்று இரவே உனக்குச் சொன்னேன். நீ என்ன சொன்னாய் என்று ஞாபகம் இருக்கிறதா? "அம்மா, உங்களுக்கென்ன பைத்தியமா? ஊர் என்ன சொல்லும்? பேசாம இங்கேயே வந்து இருந்துடுங்க" என்றாய். ரோடியோவில் 'ஏம்மா, வரக்கூடாதா?' என்று கேட்ட அதே வாய். நான் போனை வைத்துவிட்டேன். பிறகு நீ வியாபாரிக்குப் போன் போட்டாய். எனக்கு அடிபட்டுவிடும் என்ற பயத்தில்தான் செய்தாய், அது தெரியும். பயந்தவன் என்னிடம் சொல்லியிருக்கலாம். வாயில்லாத ஜீவனை லாரியில் ஏற்றி, வாய் இருக்கிற என்னை ப்ளேனில் ஏற்றிவிட்டால் காரியம் முடிந்தது என்று நினைத்தாய் பார், அதுதான் எனக்கு வலித்தது. இனி என் விஷயத்தில் எதுவும் என்னைக் கேட்காமல் செய்யாதே. உனக்கு நான் சொல்ல நினைக்கிற புத்திமதி இந்த ஒன்றுதான். நாளைக்கு மருமகள் விஷயத்திலும் இதையே நினைவில் வை.

பழகுவது சுலபமாக இல்லை. உன் அப்பாவோடு போகும்போது தலையைத் தாழ்த்திக்கொண்டு நடக்கிறவன், என்னோடு வந்தால் பத்தடிக்கு ஒருதரம் நின்று என் மடியை மோந்து வெல்லம் தேடினான். அவனைப் பொறுத்தவரை நான் கயிறு பிடிக்கிறவள் இல்லை, தின்னக் கொடுக்கிறவள். வெல்லம் வைப்பதை நிறுத்தினேன். இரண்டு நாள் என்மேல் கோபமாக இருந்தான். மரவள்ளிக் காட்டு வரப்பில் ஒருநாள் இழுத்து விழ வைத்தான். உள்ளங்கை தோல் உரிந்தது, வேப்பெண்ணெய் தடவினேன். மூன்றாம் வாரம் நான் "ஹோய்" என்றால் நின்றான், கயிற்றைத் தளர்த்தினால் நடந்தான்.

போன வெள்ளிக்கிழமை ஊர் கூடியது. மேளம் ஆரம்பித்ததும் காரியின் காது பின்னால் போனது. பாதிச் சுற்றுவரை ஒழுங்காக வந்தவன், எவனோ விசிலடித்ததில் மிரண்டு ஒரே பாய்ச்சலாகப் பாய்ந்தான். நான் விழுந்தேன். கோயில் வாசலில் என்னை இழுத்துக்கொண்டே போனான். யாரோ "கயித்த உடுங்க, கயித்த உடுங்க" என்று கத்தினார்கள், உன் சித்தப்பா குரல் மாதிரிதான் இருந்தது. விடவில்லை கண்ணு. விட்டுவிட்டால் அவன் உன் சித்தப்பா கைக்குப் போய்விடுவான் என்பது மட்டும்தான் தலையில் இருந்தது. வாயில் மண்ணோடு "ஹோய்" என்றேன். நின்றுவிட்டான். திரும்பி வந்து என் மடியை மோந்தான். ஊரே பார்த்துக்கொண்டிருக்க அங்கே வந்து வெல்லம் தேடுகிறான், மானங்கெட்டவன்! எழுந்து, முழங்காலில் ரத்தத்தோடு, மீதிச் சுற்றையும் முடித்தேன்.

உன் சித்தப்பா கவுண்டரிடம், "அதான் உழுந்துட்டாங்களே" என்றார். கவுண்டர் என் கையைப் பார்த்தார். "உழுந்தது இருக்கட்டும். கயிறு கையிலதான இருக்குது? அப்பறம் என்ன பேச்சு" என்றார். அன்று காரிக்குத் தண்ணீர் காட்டி, அவன் தின்ன ஆரம்பித்த பிறகு உலை வைத்தேன். சாப்பிடும்போது அழுகை வந்தது. உன் அப்பா பார்க்காமல் போய்விட்டாரே என்று அழுதேன். அழுதுவிட்டு இன்னும் கொஞ்சம் சோறு போட்டுக்கொண்டேன்.

மறுநாள் விடிந்ததும் உன் சித்தப்பா வந்து கொட்டகைக் கம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். முகத்தை வேறுபக்கம் வைத்துக்கொண்டு, "பின்கயித்த நான் புடிச்சுக்கறனுங்க அண்ணி. அண்ணன் மவன் வந்தா குடுத்தர்றேன்" என்றார். காபி கொடுத்தேன், குடித்தார். அந்தக் காபியோடு எங்கள் சண்டை முடிந்தது. நம் சண்டை இன்னும் முடியவில்லை.

உன்னை மாட்டுக் கொட்டகைப் பக்கம் விடாமல் படிக்க வைத்தவள் நான். அதற்கு வருத்தப்படவில்லை, இன்றைக்கும் அதையே செய்வேன். வேலையை விட்டுவிட்டு இங்கே வந்து உட்கார் என்றும் சொல்ல மாட்டேன். உனக்கு அந்த ஊர் பிடித்திருக்கிறது, பண்ணை பிடித்திருக்கிறது, அந்தத் தொப்பிகூடக் கொஞ்சம் பொருத்தமாகத்தான் இருக்கிறது. நீ ஒரு நாள் அங்கே நிலம் வாங்கி மாடு வைத்தால் முதல் கன்றுக்குப் பெயர் வைக்க நானே வருவேன். ஆனால் நீ எந்த வாழ்க்கைக்கு ஆசைப்பட்டு, காசு கொடுத்து ஒரு நாள் போய்த் தங்கிவிட்டு வருகிறாயோ, அதைத்தான் நான் இங்கே தினமும் வாழ்கிறேன். அங்கே அது வாழ்க்கை என்றால் இங்கேயும் அது வாழ்க்கைதான். அதை விற்று, கைக்கு வேலையில்லாத வீட்டில் என்னை உட்கார வைக்காதே. காரி இருக்கிறவரை நான் இங்கேதான். அவனுக்குப் பிறகு இன்னொரு கன்று வரும், அப்போதும் இங்கேதான். பார்க்க வருவேன், தங்க மாட்டேன்.

பொங்கல் முடிந்த மறுவாரம் எருதாட்டம். முன்கயிற்றைக் கேட்காதே, அது என்னுடையது. பின்கயிறு வேண்டுமானால் வந்து உன் சித்தப்பாவிடம் வாங்கிக்கொள். கயிறு கையை அறுக்கும், ஆனாலும் அந்தக் கையுறையைப் போட்டுக்கொள்ளாதே, பிடி நிற்காது. பூட்ஸைக் கோயில் வாசலில் கழற்றிவிட்டு வா. ஆட்டம் முடிந்து காரி தண்ணீர் குடித்த பிறகுதான் உனக்குச் சோறு.

அம்மா